புல்லுக்கு இடம் கொடாதவர்

பத்து தீகா என்கிற ஊரைத் தாண்டிய பிறகும் கங்காணி குனிந்து புல் பிடுங்குவதை நிறுத்தவில்லை. தலையில் தகரப் பெட்டி, கக்கத்தில் குடை. அப்படியும் நாலு எட்டுக்கு ஒரு தடவை ஒரு கை கீழே போகும். ரோட்டோரத்து லாலாங் புல்லில் ஒரு கொத்து வேரோடு வரும். மண்ணை உதறிவிட்டு, வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போடுவார். அப்படிப் போட்டால்தான் வெயிலில் காய்ந்து சாகும். தோட்டத்து முறை அது.

பின்னால் வந்த மாரியாயி கேட்டாள்: "என்ன கங்காணி, ரோட்டுக்கும் சம்பளம் உண்டா?"

யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் கை மறுபடியும் கீழே போனது.

கிள்ளானுக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டம் மூடிவிட்டது. ரப்பர் விலை விழுந்தது, பிறகு இன்னும் விழுந்தது. பால் வெட்டிக் காயவைத்து வண்டி ஏற்றுகிற செலவுக்குக்கூட அது விற்காது என்று ஆனதும், துரை ஒரு நாள் காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்துக்கு வந்து, இனி ஆள் கணக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊருக்குப் போகிறவர்கள் கோலாலம்பூர் லேபர் ஆபீசுக்குப் போனால் கப்பல் ஏற்றி விடுவார்கள் என்றார். கங்காணிக்குக் கப்பல் பேச்சே பிடிக்கவில்லை. தோட்டத்து ஜனங்களைத் தன் ஊரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கூட்டிவந்தவர் அவர்.

"கப்பல் எதுக்கு? கவர்மெண்டு இருக்குல்ல. ரோடு போடுறான், ரயில் போடுறான். ஆள் வேணாமா அவனுக்கு?" என்று சொல்லித்தான் எல்லாரையும் கிளப்பினார்.

நான் அவருடைய ஆள் இல்லை. யாருடைய ஆளும் இல்லை. செராஸ் பக்கம் ஈயக் குட்டையில் வேலை செய்து, காய்ச்சலில் விழுந்து, வேலை போய்த் திரிந்தபோது, புல்வெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனவன். முதல் நாள் அவர் என் பெயரைக் கேட்கவில்லை. நான் வெட்டி முடித்த வரிசைக்கு வந்தார். குடையை மரத்தில் சாய்த்துவிட்டு மண்டி போட்டார். கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளமாகப் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் மண்ணுக்கு மேல் எட்டிப் பார்க்கிற புல் நுனி தெரியும்.

"அந்த மூணாவது மரத்தடியில ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். போய்ப் புடிச்சிட்டு வா."

போய்ப் பார்த்தேன். இருந்தான்.

அந்தக் காலத்தில் எல்லாத் தோட்டங்களிலும் அதுதான் வழக்கம். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே தரை வெறுமையாக இருக்க வேண்டும். மண்ணில் உள்ள சத்து முழுக்க ரப்பருக்கே போக வேண்டும் என்பது துரைமார்களின் கணக்கு. மற்றக் கங்காணிகள் துரை குதிரையில் வருகிற பாதையோரத்தை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு உள்ளே விட்டுவிடுவார்கள். எங்களவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. யாரும் போகாத பள்ளத்திலும் தரை கழுவிவிட்ட மாதிரி இருக்க வேண்டும். விருந்தாளி வந்தால் வெற்றிலை கொடுப்பதற்கு முன் தோட்டத்துக்குள் கூட்டிப்போய்த் தரையைக் காட்டுவார்.

ரப்பர் நல்ல விலைக்குப் போன காலத்தில், கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. மரவள்ளி, வெண்டை, மிளகாய், ஆளுக்கு ஒரு வாழை. அந்த இடத்திலும் ரப்பர் வைக்கலாம் என்று துரைக்குச் சொன்னதே கங்காணிதான். யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. கையில் வெள்ளிக் காசு புழங்கிய நேரம். கடையில் ரங்கூன் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தது. தேங்காயைக்கூட எல்லாரும் கடையில்தான் வாங்கினார்கள்.

மாரியாயி மட்டும் தன் முருங்கை மரத்தை விடமாட்டேன் என்றாள். அவள் புருஷன் காய்ச்சலில் செத்துப்போன வருஷம் வைத்த மரம் அது.

"எல்லாம் கடையில கெடைக்குது. வேற எதுக்கு?" என்றார் கங்காணி.

"வேற எதுக்கு" என்பது அவருடைய வார்த்தை. யார் என்ன கேட்டாலும் கடைசியில் அதில்தான் வந்து நிற்பார். அவளிடம் ஒரு வாரம் கெஞ்சினார். பிறகு ஒரு நாள் தானே கோடாலியை எடுத்து வெட்டினார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சந்தை நாளும் கிள்ளானுக்குப் போய், தன் சொந்தக் காசில் அவளுக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிவந்து கதவில் செருகிவிட்டுப் போனார். ரொம்ப நாள் அப்படிச் செய்தார். மாரியாயி அதை வாங்கிச் சமைப்பாள். ஆனால் அவரைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் திரும்பி வந்தபோது கொய்னா மருந்தைக் கரைத்து, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தவர் அவர்தான். நான் நடுங்கிக்கொண்டு கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்து, என் பாய்க்கு அருகே மண் தரையில் முளைத்திருந்த ஒரு பூண்டைப் பிடுங்கினார். அதற்கும் எனக்குக் கொடுத்த அளவு கவனத்தைக் கொடுத்தார்.

விலை விழுந்து அரைச் சம்பளம் என்று ஆனபோது, துரை லயத்துப் பின்பக்கத்து மரங்களை வெட்டிவிட்டு எதையாவது பயிர் செய்துகொள்ளச் சொன்னார். மரங்களை வெட்டினோம். அதற்குள் அந்தத் தரையில் மண்ணே இல்லை. மழைக்குப் பிடித்து நிறுத்த ஒரு வேர்கூட இல்லாததால் மேல்மண் எல்லாம் வருஷா வருஷம் ஓடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது சிவப்பாக, சட்டி ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. மரவள்ளி முழங்கால் உயரம் வந்து நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் தடிமன்கூட இல்லை.

கங்காணி அந்தக் கிழங்கைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பெருக்கிப் பெருக்கி மண்ணையே பெருக்கிட்டீங்க கங்காணி" என்றாள் மாரியாயி. அவள் கோபமாகச் சொல்லவில்லை. 

இதெல்லாம் முடிந்துதான் நாங்கள் ரோட்டில் நடந்தோம். பெட்டாலிங் வருவதற்கு முன் காத்தான் என்பவனுடைய பெண் குழந்தை இறந்துபோனது. பால்குடி மறக்காத குழந்தை. தாய்க்குப் பால் வற்றி நாளாகியிருந்தது. காத்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. கங்காணிதான் ரோட்டைவிட்டு உள்ளே போய், கடன் வாங்கிய மண்வெட்டியால் குழி வெட்டினார். குழியை மூடிய பிறகும் அவர் அங்கேயே நின்றார். பிறகு மண்டி போட்டு, சுற்றிலும் இருந்த லாலாங்கைப் பிடுங்கி, ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரையைச் சுத்தமாக்கினார். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். ஒரு நுனிகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்தார். குழந்தைக்கு அவரால் செய்ய முடிந்தது அதுதான். காத்தான் அவரைப் பார்த்த பார்வை நன்றியா வெறுப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோலாலம்பூர் நெருங்க நெருங்க, ரோடு போடுகிற வேலையே பாதியில் நின்றிருந்தது. ஓரமாகக் கொட்டிய கல் குவியல்கள் அப்படியே கிடந்தன. அவற்றின் மேல் புல் ஏறியிருந்தது. கங்காணி அதைப் பார்த்து, "வேலை கெடக்கு பாத்தியா" என்று சந்தோஷப்பட்டார். கல் உடைக்க ஆள் இல்லாமல்தான் நிற்கிறது என்று நினைத்தார்.

பொதுவேலை இலாகா முற்றத்தின் கேட் சாத்தியிருந்தது. நாங்கள் நிற்கும்போது உள்ளேயிருந்து, ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளைக் கோட்டு. கையில் ஒரு நாற்காலி மெத்தை வைத்திருந்தார்.

"ஐயா, ரோட்டு வேலைக்கு ஆள் கொண்டாந்திருக்கேன். எல்லாம் நல்லா வேலை செய்யுற ஆளுங்க" என்றார் கங்காணி.

"ஆரிட்டைக் கேக்கிறியள்? என்னையே இண்டைக்கு நிப்பாட்டிப் போட்டாங்கள். இந்த மெத்தை நான் சொந்தமா வாங்கினது, அதுதான் கொண்டு போறன்."

"ரயில்ல கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"செந்தூல் ரயில் பட்டறையிலயிருந்து ஆக்களைக் கூட்டங் கூட்டமா வெளியில விட்டிருக்கிறாங்கள். அங்க போய் வேலை கேட்டா உங்களுக்கு அடிதான் விழும்."

கங்காணிக்குப் புரியவில்லை. "தோட்டத்துக்குத்தாங்க கஷ்டம். கவர்மெண்டுக்கு என்னங்க?"

கிராணி மெத்தையைக் கேட் ஓரத்துக் கல் குவியல்மேல் போட்டு அதில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகிற அவசரம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"கவர்மெண்டுக்குக் காசு எங்கயிருந்து வருது எண்டு நினைச்சனீங்கள்? ரப்பர் வெளியில போகேக்க ஒரு வரி. ஈயம் போகேக்க ஒரு வரி. ரயிலுக்குக் கூலி எண்டாலும் அந்த ரெண்டையும் ஏத்தினதுக்குத்தான். விலை ஏறின காலத்தில பெரிய பெரிய கட்டடமாக் கட்டினாங்கள். தின்னுற அரிசி ரங்கூனிலயிருந்து வருது. இப்ப உங்கட மரம் விழுந்திட்டுது, என்ர கதிரையும் விழுந்திட்டுது."

"வேற ஒண்ணும் இல்லீங்களா?"

"என்னத்தை நட்டு வச்சவங்கள், வேற இருக்க?"

கங்காணி கொஞ்ச நேரம் அந்தக் கல் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் மேல் புல் இருந்தது. அவர் கை போகவில்லை. அந்தப் பயணத்தில் முதல் தடவையாக அதைக் கவனித்தேன். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அப்ப தொரைக்கு மேல இருக்கிறவனும் புல்லுதான் வெட்டியிருக்கான் தம்பி."

பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தோம். செங்கல் சூளைகள் அணைந்து கிடந்தன. கட்டடம் கட்டுகிறவன் இல்லாதபோது செங்கல் யாருக்கு வேண்டும்? முந்தின நாள் பட்டப்பகலில் ஒரு கூட்டம் அரிசிக் கடைக்குள் புகுந்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதனால் மற்றக் கடைகள் எல்லாம் ஒரு பலகையை மட்டும் எடுத்துவிட்டு, இடுக்கு வழியாக வியாபாரம் செய்தன. லேபர் ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு போலீஸ் நின்றது. தோட்டத்து ஆள், ஈயக் குட்டை ஆள், சூளை ஆள், பட்டறை ஆள் எல்லாரும் ஒரே வாசலில் முட்டினார்கள். ஒரு மலாய்க் காவலர், தனக்கும் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், தள்ளாமல் நில்லுங்கள், தன்னை அடிக்க வைக்காதீர்கள் என்று மலாயில் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அடிப்பவனே கெஞ்சுகிறான் என்றால் இந்த ராஜ்யம் எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. பயமாகவும் இருந்தது.

வேறு வழியில்லாமல் எங்கள் ஆட்களும் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார்கள். கப்பலுக்குக் காத்திருப்பவர்களை ஒரு பழைய சூளைக்குப் பக்கத்தில், ஓலை வேய்ந்த அத்தாப்புக் கொட்டகையில் தங்க வைத்தார்கள். ஒரு வேளை கஞ்சி கொடுத்தார்கள். கொட்டகைக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி, வேலை போன பட்டறைக்காரன் ஒருவனுடைய குடிசை இருந்தது. அவன் மனைவி, செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்தின் கரையில் சர்க்கரைவள்ளி போட்டிருந்தாள். கொடி தரை முழுக்கப் படர்ந்து, நடுநடுவே புல்லும் கலந்து கிடந்தது. கிழங்கு இன்னும் வைக்கவில்லை. இலையைத்தான் கிள்ளிச் சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் காலையில் அவள் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினோம்.

கங்காணி பள்ளத்தின் கரையில் மண்டி போட்டிருந்தார். அவருக்கு முன்னால் தரை சுத்தமாக இருந்தது. பெருக்கிவிட்ட வாசல் மாதிரி. புல், கொடி எல்லாம் வேர் மேலே பார்க்க, வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

"ஏய்யா, நீ மனுசன்தானா? எம் புள்ளைங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே. மாடு மேஞ்சாக்கூட வேரையாவது விட்டுட்டுப் போகும்."

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். புல் பிடுங்கத்தான் வந்திருக்கிறார். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று புல்லில் ஆரம்பித்திருக்கிறார். கை பிறகு எதையும் பிரித்துப் பார்க்கவில்லை.

"நட்டுத் தரேன் தாயி. இப்பவே நட்டுத் தரேன்" என்று ஒரு கொடியை எடுத்து மண்ணில் செருகினார். இன்னொன்றை எடுத்துச் செருகினார்.

அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கோபம் எங்கேயோ போய்விட்டது. "தலகீழா நடுறே" என்றாள். "நுனி மேல வரணும். நீயெல்லாம் குடியானவனா?"

அவர் குடியானவர்தான். ஊரில் தன் அப்பாவோடு ஏர் பிடித்தவர் என்று மாரியாயி சொல்லியிருக்கிறாள். மாரியாயிதான் இப்போதும் முன்னால் போய் அவர் கையிலிருந்த கொடியை வாங்கிக்கொண்டாள். "நகருங்க கங்காணி" என்று சொல்லி, அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நட்டாள். சில பிழைத்திருக்கும்.

அன்று சாயங்காலம் துறைமுகத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். நம் தமிழன்தான், தலையில் துரைத் தொப்பி. கங்காணி யார் என்று கேட்டு நேரே அவரிடம் போனான். போர்னியோ பக்கம் மண்ணெண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்கள், கூட்டமாக ஆள் வேண்டும், ஆட்களைக் கட்டி மேய்க்க ஒரு கங்காணியும் வேண்டும் என்றான்.

"கப்பல் கிள்ளான் துறைமுகத்துலேருந்தே கெளம்புது. மூணு வேளை சோறு. குடும்பத்தையும் கூட்டிட்டு வரலாம். ரப்பர் மாதிரி வெட்ட வேணாம், காய வைக்க வேணாம். மண்ணுக்குள்ளேருந்து தானாப் பொங்கிட்டு வருது. அதை நம்பி ஒரு ராஜ்யமே ஒக்காந்திருக்கு."

கொட்டகையில் எல்லாரும் கிட்டே வந்துவிட்டார்கள்.  கங்காணி 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அத்தனை பேரும் அவர் பின்னால் கிளம்பிவிடுவார்கள். முன்பு ஊரிலிருந்து அப்படித்தான் கிளம்பினார்கள்.

"அங்க வேற என்ன விளையுது?" என்று கேட்டார் கங்காணி.

"அரிசி, பருப்பு எல்லாம் கப்பல்ல வந்து எறங்குது. வேற எதுக்கு?"

மாரியாயி கங்காணியின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"வேணாங்க. இவங்க ஊருக்குப் போறாங்க."

காத்தான்தான் பாய்ந்து வந்தான். "ஊருக்குப் போய் என்னத்தத் திங்கிறது? அங்க மழை இல்லாமத்தானேய்யா ஒன் பின்னாடி வந்தோம். எம் புள்ளையத்தான் வழியில வச்சிட்டு வந்தாச்சு, பொண்டாட்டியையும் வைக்கணுமா? ஒருத்தன் கூப்பிட்டுச் சோறு போடுறேங்கறான்."

"ஊர்ல ஒண்ணுமில்லதான் காத்தான். ஒண்ணுமில்லாத எடத்துல எதையாவது நடலாம். அங்க நட விடமாட்டாங்க."

"யாரு விடமாட்டான்?"

"நான் விடமாட்டேன்" என்றார் கங்காணி. "கூட்டிட்டுப் போனேன்னா நானே விடமாட்டேன்டா. காலையில பாத்தியே."

காத்தான் அவரை அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திரும்பிப் போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். தொப்பிக்காரன் தோளைக் குலுக்கிக்கொண்டு, மனசு மாறினால் காலையில் ஸ்டேஷன் எதிரே உள்ள காப்பிக் கடையில் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்ததும் கப்பலுக்குப் பெயர் கொடுத்தவர்களைக் கிள்ளான் ரயிலில் ஏற்றினார்கள். கங்காணியும் ஏறினார். ஊரில் அவரை யார் என்ன கேட்பார்கள், அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மாரியாயி வெற்றிலை நீட்டினாள். அவர் கையை எடுக்காமல் வாயைத் திறந்தார். அவளே ஊட்டிவிட்டாள். முருங்கை வெட்டிய நாளிலிருந்து அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டது அந்த இரண்டு நாளில்தான்.

தண்டவாளக் கற்களுக்கு நடுவே நிறையப் புல் இருந்தது. ரயில் போகும்வரை அவர் கீழே பார்க்கவில்லை.

எனக்கு ஊர் என்று ஒன்று இல்லை. கஞ்சியும் இனி இல்லை, அது கப்பலுக்குப் போகிறவர்களுக்குக் கொடுத்தது. ரோட்டைத் தாண்டிக் காப்பிக் கடைக்குப் போனேன். தொப்பிக்காரன் ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். கங்காணி வரவில்லையா என்று கேட்டான். இல்லை, நான் மட்டும் என்றேன்.

"என்ன வேலை தெரியும்?"

"புல் வெட்டுவேன்."

அவன் முகம் மலர்ந்தது. ஒரு ரொட்டியை என் பக்கம் தள்ளினான்.

"அதுக்குத்தான் மொதல்ல ஆள் வேணும். கிணத்தைச் சுத்தி ஒரு புல்லு இருக்கக் கூடாது. காஞ்சா தீப் புடிச்சிரும்."